மரவாத்து சேகரிக்க வருபவர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கட்டும்

டீகாய் என்று அமெரிக்காவில் வழங்கும் மரவாத்து, அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. வலசை வரும் காட்டு வாத்துகளைத் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு இறக்குவதற்காக, வேட்டைக்காரர்களும் மீனவர்களும் படகு கட்டுவோரும் கோடாலியாலும் கத்தியாலும் செதுக்கி, வண்ணம் பூசி, கயிறு கட்டி மிதக்கவிட்ட கருவி அது. இந்த உத்தி நமக்குப் புதியதன்று. காட்டுமானைப் பிடிப்பதற்காகப் பழக்கிய பெண்மானைப் புறநானூறு காட்டுகிறது. அதற்குப் 'பார்வை' என்று பெயர். அமெரிக்கப் பார்வை மரத்தால் ஆனது, அவ்வளவுதான்.

புதிதாகச் சேகரிக்க வருபவருக்கு நான் சொல்லப்போவது பெரும்பாலும் ஒன்றே. கையில் கிடைக்கும் பறவையைக் கலைப்பொருளாகப் பார்ப்பதற்கு முன் கருவியாகப் பாருங்கள். எந்த நீரில் மிதந்தது, எந்தப் படகில் போனது, எங்கே உரசித் தேய்ந்தது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் பறவை பெரும்பாலும் நம்பத்தக்கதாக இருக்கும். விடை சொல்லாத பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை மேசையிலேயே வைத்துவிட்டு நகர்வது நல்லது.

வரலாற்றில் தேவையான அளவு

1924-இல் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில், கோரைப்புல்லை முடைந்து செய்த வாத்து உருவங்கள் கிடைத்தன. கேன்வாஸ்பேக் என்னும் வாத்தின் வடிவில், பூர்வகுடி மக்கள் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் செய்தவை அவை. ஐரோப்பியக் குடியேறிகள் இதே உத்தியை மரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்களின் உணவு விடுதிகளுக்குக் காட்டு வாத்து மூட்டை மூட்டையாகப் போனபோது, சந்தைக்காகச் சுடுவோர் நூற்றுக்கணக்கான மரவாத்துகளை ஒரே இடத்தில் மிதக்கவிட்டார்கள். 1918-இல் வந்த வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் அந்த வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1935-இல் உயிருள்ள வாத்துகளைப் பார்வையாகக் கட்டிவைப்பதும் தடை செய்யப்பட்டதால், மரவாத்துக்குச் சில காலம் மவுசு கூடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் வாத்து வந்து அதையும் முடித்துவைத்தது.

இவற்றை நாட்டார் கலை என்று முதலில் அழுத்திச் சொன்னவர் ஜோயல் பார்பர் என்ற நியூயார்க் கட்டடக்கலைஞர். 1934-இல் அவர் வெளியிட்ட நூலே இத்துறையின் தொடக்கம் எனப்படுகிறது. அவருடைய சேகரிப்பு இன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1985-இல் அமெரிக்க அஞ்சல் துறை நான்கு மரவாத்து அஞ்சல்தலைகளை வெளியிட்டதும் அதே ஷெல்பர்னில்தான். பணமில்லாதவர் சேகரிப்பை அந்த நான்கு அஞ்சல்தலைகளிலிருந்தே தொடங்கலாம் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

முதல் ஆறு மாதம் பணப்பையை மூடி வையுங்கள்

தொடக்கத்தில் வாங்க வேண்டாம், பார்க்க வேண்டும். ஷெல்பர்ன் தொலைவு என்றால் மேரிலாந்தின் ஹாவர் டி கிரேஸ் ஊரில் மரவாத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. சசக்குவானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடம் அது. அங்குள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பு ஒரு காலத்தில் கேன்வாஸ்பேக் வாத்துகளால் கறுத்துக் கிடந்தது. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று கற்பதற்கு ஓர் எல்லை உண்டு. கையில் எடுத்துப் பார்க்க, ஏலத்துக்கு முன் பொருள்களைப் பார்வையிட விடும் நாட்களே சிறந்த பள்ளிக்கூடம். மேரிலாந்தின் கயட் அண்ட் டீட்டர், மாசசூசெட்ஸின் காப்லி போன்ற ஏல நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. விற்பனைக்கு முன் பறவைகளை மேசையில் பரப்பிவைப்பார்கள். அனுமதி கேட்டுவிட்டு, உடலின் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்க்கலாம். கழுத்தைப் பிடித்துத் தூக்குபவர் புதியவர் என்று அறையில் உள்ள அனைவருக்கும் தெரிந்துவிடும்.

நூறு பறவைகளையாவது இப்படித் தூக்கிப் பார்த்த பின் கைக்கே ஒரு கணக்கு வந்துவிடும். உட்குடைந்த தேவதாரு உடல் எவ்வளவு இலேசு, முழுக்கட்டை எவ்வளவு கனம் என்பதை எந்தப் படமும் சொல்லித்தராது.

ஒரு நீர்நிலையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாப் பகுதியையும் ஒரே நேரத்தில் கற்க முயல்வது வீண். ஒரு விரிகுடாவையோ ஓர் ஆற்றையோ எடுத்துக்கொண்டு, அங்கே வாத்து ஏன் அந்த வடிவில் செதுக்கப்பட்டது என்று கேளுங்கள். நியூ ஜெர்சியின் பார்னகட் விரிகுடாவில் வேட்டைக்காரர் சென்ற படகு தட்டையானது, சிறியது. அதில் ஏற்றும் சுமை குறைவாக இருக்க வேண்டும். ஆகவே அப்பகுதி வாத்துகள் இரண்டு தேவதாருத் துண்டுகளைக் குடைந்து ஒட்டிய இலேசான உடல் கொண்டவை. டக்கர்டன் ஊரின் ஹாரி ஷௌர்ட்ஸ், தொழிலால் வீட்டுக்கு வண்ணம் பூசுபவர், வாத்து கவிழாமல் மிதப்பதற்கான எடையாக, அடியில் செவ்வகமாக ஒரு பள்ளம் வெட்டி அதில் ஈயத்தை உருக்கி ஊற்றினார். ஈயம் மரத்தோடு சமமாக நிற்கும் அந்த அடிப்பகுதியை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

கனெக்டிகட்டின் ஸ்ட்ராட்ஃபோர்டில் நிலைமை வேறு. அங்கே குளிர்கால நீரில் பனிக்கட்டிச் சேறு மிதந்து வரும். ஆல்பர்ட் லைங் தொடங்கிவைத்த மரபில் வாத்தின் மார்பு முன்னோக்கித் துருத்தி நிற்பது, பனி மேலேறிக் கழுத்தில் உறையாமல் அடியில் நழுவிப் போவதற்காக. மேய்ன் மாநிலத்தின் கரடுமுரடான கடலில் அகன்ற கனத்த உடல் தேவைப்பட்டது. தலை உடைந்து போகாமலிருக்கக் கழுத்தை உடலுக்குள் பள்ளம் வெட்டிப் பதித்தார்கள். லூசியானாவில் சைப்ரஸ் மரத்தின் வேர் கிடைத்தது, அதைச் செதுக்கினார்கள். லாங் ஐலண்டில் தக்கை கிடைத்தது, அதைச் செதுக்கினார்கள்.

செசபீக்கின் மேற்பகுதி எனக்குப் பிடித்தமான இடம். அங்கே நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு பெட்டியை மிதக்கவிட்டு அதற்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு சுடுவார்கள். 1935-இல் தடை செய்யப்படும்வரை இந்த முறை இருந்தது. பெட்டியைச் சுற்றி நூற்றுக்கணக்கான மரவாத்துகள் மிதக்கும். பெட்டியைச் சுற்றி விரியும் இறக்கைப் பலகைகள் நீரோடு சமமாக அழுந்தி நிற்பதற்காக, அவற்றின்மேல் வார்ப்பிரும்பு வாத்துகளை வைப்பார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தை ஆண்டுதோறும் கரையேற்றி, தட்டிச் சீராக்கி, மீண்டும் வண்ணம் பூசுவது வழக்கம். எனவே இப்பகுதியின் பழைய வாத்தில் முதல் வண்ணம் அப்படியே இருக்கிறது என்று யாராவது சொன்னால், மகிழ்வதற்கு முன் ஐயப்படுங்கள்.

செய்தவர்களின் பெயர்களும் மெல்ல மனத்தில் தங்கும். மாசசூசெட்ஸின் ஈஸ்ட் ஹார்விச்சில் வாழ்ந்த எல்மர் க்ரோவெல், அடியில் நீள்வட்ட முத்திரையைச் சூடிட்டார். மேரிலாந்தின் கிரிஸ்ஃபீல்டில் லெம் வார்ட், ஸ்டீவ் வார்ட் சகோதரர்கள் முடிதிருத்தும் தொழிலுக்கு இடையே செதுக்கினார்கள். இலினாயின் ஹென்றி ஊரில் சார்லஸ் பெர்டூ செதுக்க, மனைவி எட்னா வண்ணம் தீட்டினார். கையால் செதுக்கியவையோடு தொழிற்சாலைப் பறவைகளும் உண்டு. டெட்ராய்ட்டின் மேசன் தொழிற்சாலை 1896 முதல் 1924 வரை கடைசல் இயந்திரத்தில் உடலைக் கடைந்து, கையால் முடித்து, பிரீமியர், சேலஞ்ச் எனத் தரம் பிரித்து விற்றது. மலிவான தரங்களில் கண்ணாடிக் கண்ணுக்குப் பதில் ஆணித்தலையே கண். இன்னும் மலிவானதில் வண்ணப் புள்ளி. கற்றுக்கொள்ள மேசன் நல்ல தொடக்கம். வகைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டவை, ஒப்பிட்டுப் பார்க்க எண்ணிக்கையும் போதும்.

வயிற்றைப் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கியது ஓர் ஊசிவால் வாத்து. வேடந்தாங்கலுக்கு வரும் அதே இனம்தான். அந்தப் பாசத்திலேயே வாங்கினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையோரப் பழம்பொருள் கடையொன்றில் கண்டது. கழுத்து அழகாக வளைந்திருந்தது, வண்ணம் பொடிப்பொடியாக வெடித்திருந்தது, 'நூறு ஆண்டுக்குமேல்' என்ற சீட்டும் தொங்கியது. சில வாரங்கள் கழித்து நீண்டகாலச் சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டினேன். மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, அவர் அதன் முகத்தைப் பார்க்காமலே கவிழ்த்து வயிற்றைப் பார்த்தார். கயிறு கட்டும் தோல் வளையத்தை விரலால் தொட்டார். வெளிப்புறம் கறுத்து இருந்த தோல், வளையத்தின் உட்புறத்தில், கயிறு உரசியிருக்க வேண்டிய இடத்தில், வழவழப்பாகத் தேயாமல் இருந்தது. ஈயப்பட்டையின் ஓர் ஆணியை நெம்பி எடுத்தார்; தண்டு பளபளவென்று வந்தது, துளையைச் சுற்றி மரத்தில் துருக்கறையே இல்லை. நீரையே பாராத வாத்து அது. இன்றும் என் மேசையில் இருக்கிறது, காகிதங்கள் பறக்காமலிருக்க.

அன்று கற்ற வரிசையை அப்படியே தருகிறேன். பறவையை மெத்தென்ற துணியில் கவிழ்த்து வையுங்கள். நீரில் கிடந்த பழைய மரத்தின் அடிப்பகுதி சீரற்ற நிறம் கொண்டிருக்கும். சாயம் பூசிப் பழுப்பாக்கிய அடி ஒரே சீராக, பள்ளத்திலும் மேட்டிலும் ஒன்றுபோல் இருக்கும். எடைக்கட்டை எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் பழைய கட்டையின் நிழல், அதாவது வண்ணம் படாத அல்லது வேறு நிறம் கொண்ட ஒரு வடிவமும் வெற்று ஆணித்துளைகளும் தெரியும். இது குறையன்று. உழைத்த பறவைக்கு இது இயல்பு, இப்படி ஒரு வரலாறு தெரிந்தால் நான் நிம்மதியடைவேன். அடுத்து, சூடிட்ட எழுத்துகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் செய்தவரின் பெயரல்ல, வைத்திருந்தவரின் அல்லது வேட்டைச் சங்கத்தின் அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு.

பிறகு நிமிர்த்தி, தேய்மானம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். நங்கூரக் கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, சாக்குப்பையில் பத்துப் பன்னிரண்டாகத் திணித்துத் தூக்கிச் சென்ற பொருள் இது. எனவே அலகின் நுனி, உச்சந்தலை, வாலின் விளிம்பு, உடலின் இரு பக்கத்துப் புடைப்பு ஆகிய இடங்களில் தேய்ந்திருக்க வேண்டும். அலகுக்கடியிலும் கழுத்து உடலோடு சேரும் மடிப்பிலும் வண்ணம் தங்கியிருக்க வேண்டும். உப்புத்தாள் கொண்டு போலி செய்பவரின் கை, எட்டும் இடமெல்லாம் தேய்க்கும். மடிப்புக்குள்ளும் தேய்ந்திருக்கிறதென்றால் சாக்குப்பை அங்கே எப்படிப் போனது என்று கேட்டுப் பாருங்கள்.

சிறு குண்டுகள் பட்ட தடம், மரம் காய்ந்து பிளந்த கோடு, கழுத்தில் மெல்லிய விரிசல் ஆகியவை இருக்கும். கழுத்தைச் சுற்றி முழு வட்டமாக ஒரு கோடு ஓடினால் தலை ஒருமுறை கழன்று ஒட்டப்பட்டிருக்கலாம். வேறொரு பறவையின் தலையாகவும் இருக்கலாம். அலகும் அப்படியே. உடைந்து புதிதாகச் செதுக்கிச் சேர்த்த அலகு விலையைப் பெரிதும் குறைக்கும்.

வண்ணத்தில்தான் பணம் இருக்கிறது

ஒரே செதுக்குநரின் இரண்டு வாத்துகள், ஒரே இனம், ஒரே அளவு. ஒன்றின் விலை மற்றதைப் போலப் பல மடங்கு இருப்பதற்குப் பெரும்பாலும் வண்ணமே காரணம். மூன்று நிலைகளைப் பிரித்தறியப் பழகுங்கள். செய்தவர் பூசிய முதல் வண்ணம் முதல் நிலை. வேட்டைக்காரரே பின்னாளில் மேலே பூசியது இரண்டாவது; இது நேர்மையான பழைய பூச்சு, விலை குறைவு, அழகு சில வேளை கூடுதல். விற்பனைக்காக அண்மையில் பூசியது மூன்றாவது. சீரமைப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் இதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதே மோசடி.

இதற்கு வேண்டிய கருவிகள் மூன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, ஒரு சிறு கைவிளக்கு, ஒரு புற ஊதா விளக்கு. கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் தூரிகைத் தடங்களும், கீழ்ப்பூச்சின் விரிசலுக்குள் மேற்பூச்சு வழிந்து நிரம்பியிருப்பதும் தெரியும். பழைய வண்ணம் மரத்தோடு சேர்ந்து வெடிக்கும். விரிசலின் பள்ளத்துக்குள் புது வண்ணம் இருந்தால் மரம் வெடித்த பிறகு யாரோ தூரிகை எடுத்திருக்கிறார்கள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், பிற்காலத்தில் தொட்டுப் பூசிய இடங்கள் சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறுபட்டு ஒளிரும், அல்லது கறுத்துத் தெரியும். ஆயினும் விளக்கு வேறுபாட்டை மட்டுமே காட்டும், காரணத்தைச் சொல்லாது. மெழுகும் வார்னிஷும் பழைய பூச்சையே மாற்றிக் காட்டும். விலை ஆயிரங்களில் ஏறும்போது எக்ஸ்-ரே படம் கேளுங்கள். கழுத்துக்குள் இருக்கும் புது ஆணியும் அலகைத் தாங்கும் உலோகக் கம்பியும் அதில் மறைக்க முடியாதவை. சோதிக்கிறேன் என்று கரைப்பானைத் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

வாங்கும்போது

மிக உயர்ந்த விலைகள் செய்தியாக வரும். 2007-இல் க்ரோவெலின் ஊசிவால் ஆண் வாத்து ஒன்றும் கனடா வாத்து ஒன்றும் தலா 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்குத் தனிப்பட்ட விற்பனையில் கைமாறின. அதே ஆண்டு லோத்ராப் ஹோம்ஸ் செதுக்கிய, மெர்கான்சர் என்னும் வாத்தினத்தின் பெட்டை ஏலத்தில் 8,56,000 டாலருக்குப் போனது. இந்த எண்களைப் படித்துவிட்டுப் பயப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம். பெயர் தெரியாத செதுக்குநரின் நேர்மையான உழைப்பு வாத்து இருநூறு டாலருக்குள்ளும் கிடைக்கிறது. என் கருத்தில் தொடக்கக்காரர் வாங்க வேண்டியது அதைத்தான். பெரிய பெயர் கொண்ட, அலகு மாற்றி முழுதும் வண்ணம் பூசிய பறவையைவிட, பெயரற்ற, முதல் வண்ணம் கொண்ட பறவை நன்று. முன்னதில் நீங்கள் பெயருக்குப் பணம் கொடுக்கிறீர்கள். பின்னது தினமும் உங்களுக்குப் பாடம் சொல்லும்.

ஏலத்தில் கேட்கும் தொகையோடு வாங்குபவர் கட்டணம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சேரும், அனுப்பும் செலவு தனி. எனவே உச்சவரம்பை முன்பே காகிதத்தில் எழுதிவிட்டு உள்ளே செல்லுங்கள். நிலை அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் சொல்லாத குறை பின்னர் தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். தனி விற்பனையாளரிடம் நான் கேட்கும் கேள்விகள் இரண்டே: இதில் எது மாற்றப்பட்டிருக்கிறது, இதை யாரிடமிருந்து பெற்றீர்கள்? முதல் கேள்விக்கு 'எதுவுமில்லை' என்று உடனே பதில் வந்தால் நான் சற்று மெதுவாகிவிடுவேன்.

வீட்டு அலங்காரத்துக்கென்றே பழையதுபோல் செய்யப்பட்ட வாத்துகளும் ஏராளம். செய்தவர் ஏமாற்றச் செய்யாவிட்டாலும், மூன்று கை மாறும்போது சீட்டில் வயது ஏறிவிடுகிறது.

வீட்டுக்கு வந்த பின்

நீர், சோப்பு, ஆளிவிதை எண்ணெய், மரச்சாமான் மெருகெண்ணெய் எதுவும் வேண்டாம். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும். வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் அதுவும் வேண்டாம், காப்புப்பணி தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெயில் படும் சன்னல், கணப்பு, குளிரூட்டியின் நேர்க்காற்று ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். மரம் சட்டென்று காய்ந்தாலோ ஈரம் குடித்தாலோ நூறாண்டு தாங்கிய உடல் ஒரு பருவத்தில் பிளந்துவிடும். அடியில் பொடித்துளையும் மாவு போன்ற தூளும் கண்டால் மரத்தில் பூச்சி இருக்கலாம்; மற்றப் பறவைகளிடமிருந்து உடனே பிரித்துவிடுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும் என்பதால், கையாண்ட பின் கை கழுவுவதும் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்பதும் கட்டாயம்.

ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய குறிப்பேடு வையுங்கள். நாள், விலை, யாரிடம் வாங்கியது, நீளம், மரம், எடைக்கட்டையின் வகை, கண்ட குறைகள், நான்கு பக்கமும் அடியுமாக ஐந்து படங்கள். எண் எழுதிய சீட்டைப் பருத்தி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பசை நாடாவால் அடியில் ஒட்டினால், அதை உரிக்கும் நாளில் முதல் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.